பூஜ்யத்தில் இருந்தவர்

ஐம்பத்தாறு வயதில் புதிதாக ஒன்றைப் படிக்க உட்கார்ந்தால் முதலில் வலிப்பது கண் இல்லை, கழுத்து. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. திரையை அண்ணாந்து பார்க்கவேண்டும், எழுத்துப் பலகையைக் குனிந்து பார்க்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் கோழி தீனி பொறுக்குகிற மாதிரி ஆகிவிடும். முதல் மாதம் முழுக்க நான் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வாசகசாலைக்குப் போனேன்.

நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும், ஐயா. ஆனால் நான் எதைப் படித்தேன், எவ்வளவு படித்தேன் என்று தெரியாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

நகராட்சியின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. தனியாக இருக்கிற முதியவர்களுக்கு வண்டியில் மத்தியானச் சாப்பாடு போகும். வண்டியோடு போகிறவர் கதவைத் திறந்து உள்ளே போய், முடியாதவர்களுக்கு அடுப்பு மூட்டி, விறகு எடுத்து வைத்துவிட்டு வருவார். யார் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று காலையில் தாள் எழுதிக் கொடுப்பது என் வேலை. போனை எடுப்பதும் என் வேலைதான். முதலாவது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவதற்கு முடிவே கிடையாது.

வீட்டில் என் கணவர் லூபென் ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். பாதி உடம்பு அசையாது, குரல் மட்டும் நன்றாக இருந்தது. "வெலிச்கா" என்பார்; போவேன். திரும்பி அடுப்படிக்கு வருவதற்குள் மறுபடி "வெலிச்கா". போன வருடம் வசந்தத்தில் இறந்தார். நான் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் போனபிறகு வீட்டில் என்னைக் கூப்பிட ஆள் இல்லை. அந்த அமைதி காது வரைக்கும் வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். அலுவலகத்தில் மணி அடிக்கும்.

செப்டம்பரில் வாசகசாலையில் ரலிட்சாவின் வகுப்பு தொடங்கியது. வாரம் மூன்று நாள், மாலை நாலு மணிக்கு. சாக்கு ஆலை மூடியதால் வேலை போனவர்களுக்காக வைத்தது. இடம் மிச்சம் இருந்ததால் நானும் சேர்ந்தேன். பத்துப் பேர். ரலிட்சாவுக்கு முப்பது வயது இருக்கும். தலைநகரில் பெரிய சம்பளத்தில் இருந்தவள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரோடு வந்துவிட்டாள். எங்களில் யாரையும் அவள் மட்டமாகப் பார்த்ததில்லை. எனக்கு யாரும் அப்படிப் பொறுமையாக எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"இந்த வாரம் எல்லார் வீட்லயும் மிளகாய் சுட்டு விழுது கிண்டுறீங்கதானே? செய்முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுதான் கிளாஸ். அதைக் காயிதத்துல எழுதி வெச்சா வயிறு நிறையாது. அதை வெச்சு நீங்க கிண்டி நிரப்புற ஒவ்வொரு ஜாடியும் ஒரு ஆப்ஜெக்ட். செய்முறை ஒண்ணு, ஜாடி நாப்பது" என்றாள்.

ஆலையில் தறி ஓட்டிய கினா, "என் ஜாடி நாப்பதும் பூசணம் பிடிச்சுப்போச்சே, அது யார் தப்பு?" என்று கேட்டாள்.

"அது கிளாஸ்லயே தப்பு அக்கா. வினிகர் ஊத்தணும்னு எழுதாம விட்டிருப்பீங்க."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு முடிந்தபிறகும் அது மனதில் நின்றது. எங்கோ ஒரு வரி விட்டுப்போனால் நாற்பது ஜாடியும் கெடும், கெடுத்தவர் யார் என்று எந்த ஜாடிக்கும் தெரியாது.

அரே என்பது ஜாடி அடுக்கிய நீளப் பலகை. லூப் என்பது பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு ஜாடியாகத் தொட்டுக்கொண்டே போகிற கை. எல்லாம் புரிந்தது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்றபோதுதான் வகுப்பில் கலகம் வந்தது.

"முதல் ஜாடின்னா ஒண்ணுதானேம்மா? பூஜ்யம்னா ஜாடியே இல்லேன்னு அர்த்தம்" என்றாள் கினா.

"எத்தனாவது ஜாடின்னு கேக்கல அக்கா. சுவத்துலேருந்து எத்தனை ஜாடி தள்ளி இருக்குன்னு கேக்குறேன். சுவத்தை ஒட்டி இருக்கிற ஜாடி எத்தனை தள்ளி இருக்கு?"

"தள்ளியே இல்ல."

"அவ்ளோதான்."

அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்கு வயது குறைந்ததுபோல் இருந்தது.

சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி வரச் சொன்னாள். மற்றவர்கள் ஆடு, தோட்டம், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் என்று எழுதினார்கள். நான் 'முதியவர்' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். பெயர், வீடு, உப்பில்லாச் சாப்பாடா, சாவி யாரிடம், அடுப்பு மூட்டவேண்டுமா. எங்கள் பிரிவில் இருந்த நாற்பத்து மூன்று பேரையும் அகரவரிசையில் ஒரு அரேயில் வைத்தேன். லூப் ஒவ்வொருவராகத் தொட்டு, அன்றைய தாளை அச்சிட்டுத் தரும். அரை மணி நேர வேலை ஒரு விரல் தட்டில் முடிந்தது. எங்கள் மேலாளர் கெர்ஜிகோவா அம்மாள் பார்த்துவிட்டு, "இருபது வருஷமா இவளைப் போன் எடுக்க வெச்சிருந்தோமே" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். அக்டோபர் மூன்றாவது வாரம் அலுவலகத்தில் அதுதான் ஓடத் தொடங்கியது.

முதல் நாளே பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. அசென் அபாஜியெவ். மேட்டுத் தெருவில் கடைசி வீடு, எண்பத்தொரு வயது, இடுப்பு உடைந்து இரண்டு கோல் ஊன்றி நடப்பவர். மனைவி இல்லை. மகன் ஸ்பெயினில், புத்தாண்டுக்கும் பிறந்தநாளுக்கும் கூப்பிடுவான். அந்தத் தெருவில் மற்ற வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, எல்லோரும் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள்.

அவர் என் போனில் புதியவர் இல்லை. பதினொரு வருடமாகத் தினமும் கூப்பிடுவார். சூப் ஆறிப்போயிருந்தது, பீன்ஸ் வேகவில்லை, தயிர் புளிப்பு. போன வருடம் சூப்பில் உப்பு கரிக்கிறது என்று அவசர உதவிக்கே போன் செய்து, ஆம்புலன்ஸ் மேட்டுத் தெருவுக்கு ஏறி, போலீஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போனது. கெட்ட மனிதர் இல்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அது எனக்கு எப்போதும் தெரியும்.

அன்று நியாயமாகத்தான் கூப்பிட்டார். சாப்பாடு வரவில்லை. தாளைப் பார்த்தேன், அவர் பெயர் இல்லை. நாற்பத்திரண்டு பேர்தான் இருந்தார்கள். புரோகிராமைத் திறந்தவுடன் தெரிந்துவிட்டது. பழக்க தோஷத்தில் லூப்பை ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தேன். அகரவரிசையில் அபாஜியெவுக்கு முன்னால் யார் வர முடியும்? அவர் பூஜ்யத்தில் இருந்தார். கை அவரைத் தொடாமல் அடுத்தவரிடம் போய்விட்டது.

"மன்னிச்சிடுங்க ஐயா. புதுசா கம்ப்யூட்டர் வெச்சிருக்கோம், ஒரு சின்னத் தப்பு. இப்பவே வண்டி அனுப்புறேன்" என்றேன்.

"யாரு கம்ப்யூட்டர்ல எழுதினது?"

"நான்தான் ஐயா. வாசகசாலையில படிக்கிறேன்."

அவர் சிரித்தார். பதினொரு வருடத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கிழட்டுக் கழுதைக்குத் தாளம் கத்துக்குடுத்தாங்களாம்" என்றார். "ஏம்மா, போனை ஒழுங்கா எடுக்கத் தெரியல உனக்கு. இதெல்லாம் எதுக்கு?"

வண்டியை அனுப்பினேன். பிறகு புரோகிராமின் முன்னால் உட்கார்ந்தேன். ஒன்று என்பதைப் பூஜ்யம் என்று மாற்றவேண்டும், ஒரு விசை. ரலிட்சாவிடம் கேட்டுவிட்டு மாற்றலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க என்ன இருக்கிறது? அன்று மாற்றவில்லை. மறுநாள் காலை தாள் அச்சாகி வந்ததும் அதன் அடியில் பேனாவால் 'அபாஜியெவ்' என்று எழுதி, ஓட்டுநர் ஸ்டாமெனிடம் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

அது சௌகரியமாக இருந்தது. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் எல்லோருடைய குரலும் என்மேல் வந்து விழுந்தது. நாற்பத்திரண்டு பேருக்குச் சாப்பாடு தானாகப் போகிறது. ஒருவருக்கு மட்டும் நான் பேனாவை எடுத்தால்தான் போகும். காலையில் காபி குடித்துக்கொண்டே அந்தப் பெயரை எழுதுவேன். முந்தின நாள் அதிகம் திட்டியிருந்தால் கடைசி வண்டிச் சுற்றில் எழுதுவேன், சாப்பாடு இரண்டு மணிக்குப் போகும். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை எழுதவே இல்லை. ஸ்டாமென் அவராகவே போய்க் கொடுத்துவிட்டு வந்து, "பெரியவர் பேரை விட்டுட்டீங்க அக்கா" என்றார். "அப்படியா, கவனிக்கல" என்றேன்.

டிசம்பரில் முதல் கட்ட வகுப்பு முடிந்தபோது ரலிட்சா எல்லோருடைய புரோகிராமையும் கடைசியாகச் சரிபார்த்தாள். என்னுடையதை ஓட்டிவிட்டு வரிகளை எண்ணினாள். அவள் எண்ணுவாள் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, நாப்பத்து மூணு பேரு, நாப்பத்திரண்டு வரிதான் வருது. எங்கே போனாரு ஒருத்தர்?"

"பூஜ்யத்துல இருக்காரு."

"பாத்தீங்களா, நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க" என்று என் தோளைத் தட்டினாள். அவள் எதிரிலேயே மாற்றினேன். நாற்பத்து மூன்று வந்தது. "ஆபீஸ்ல ஓடுறதுலயும் இதை மாத்திடுங்க, மறக்காம" என்றாள். "இன்னிக்கே மாத்திடுறேன்" என்றேன். சான்றிதழில் என் பெயருக்கு எதிரே 'மிகச் சிறப்பு' என்று எழுதியிருந்தாள். அதைச் சட்டம் போட்டு லூபெனின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அலுவலகத்தில் ஓடியதை மாற்றவில்லை.

ஜனவரியில், ஆற்றுநீரை ஆசீர்வதிக்கும் யோர்தான் திருநாளன்று, ஸ்டாமென் ஆற்றங்கரையில் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஒரு வாரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேறொரு ஓட்டுநர் வந்தார். அவருக்கு எங்கள் ஆட்கள் யாரையும் தெரியாது. தாளில் இருக்கிற வீட்டுக்குப் போவார். இல்லாத வீட்டுக்குப் போகமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பனி முழங்கால் வரைக்கும் பெய்திருந்தது.

திங்கள்கிழமை காலை தாளை எடுத்தேன், பேனாவையும் எடுத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தாளைக் கொடுத்தேன். கோபம் எதுவும் இல்லை. அந்த ஆளை மேட்டுத் தெருவுக்கு அனுப்பினால் வண்டி வழுக்கும், சுற்று தாமதமாகும், எல்லோரும் போன் செய்வார்கள் என்று நினைத்தேன். நகராட்சி டிராக்டர் காலை ஏழு மணிக்கே மேட்டுத் தெருவில் பனியை ஒதுக்கிவிட்டிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். வழியில் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்.

"ரோடு அடைஞ்சிருக்கு ஐயா. யாருக்கும் போகல. நாளைக்கு வந்துடுவாங்க."

"விறகு வெளியில இருக்கும்மா. பனி மூடிக் கெடக்கு. என்னால போய் எடுக்க முடியாது."

"வீட்ல என்ன இருக்கோ அதை வெச்சு இன்னிக்குச் சமாளிங்க."

செவ்வாய்க்கிழமை மூன்று முறை. அலமாரியில் ரொட்டி இருக்கிறதாம், மிளகாய் விழுது ஒரு ஜாடி இருக்கிறதாம். ஒரு நாற்காலியை உடைத்து எரித்தாராம். அவசர உதவிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"சாப்பாட்டுக்கா? போன வருஷம் போலீஸ் வந்தது ஞாபகம் இல்லையா? இந்தப் பனியில எத்தனை விபத்து நடக்குது. இந்தத் தடவை சும்மா விடமாட்டாங்க ஐயா" என்றேன். நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். பதினொரு வருடத்தில் என் பேச்சை அவர் கேட்டது அப்போதுதான்.

புதன்கிழமை ஒரே ஒரு தடவை. குரல் தடித்துப்போயிருந்தது, குடித்தவர் மாதிரி. குடிக்கிறவர் இல்லை, குளிர் அப்படிச் செய்யும். "சூப் ஆறிப்போயிருந்தாலும் பரவால்லம்மா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். "சரி ஐயா, சொல்லிடுறேன்" என்றேன்.

எப்போது கூப்பிட்டார் என்பது உங்களிடம் உள்ள போன் கணக்கில் இருக்கும், பேசியது இருக்காது. ஐந்து அழைப்புகள். அவர் தினமும் கூப்பிடுகிறவர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை ஆறாவது. அதைப் பற்றி நீங்கள் கேட்டபோது, வழக்கமான புகார் என்று சொன்னேன். அது புகார் இல்லை.

"ஏம்மா, அந்தப் பட்டியல்ல என் பேரு இருக்கா? கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார்.

எதிரிலேயே தாள் இருந்தது. பார்த்தேன். நாற்பத்திரண்டு பேர்.

"இருக்கு ஐயா."

"அப்போ வருவாங்க" என்றார். கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தாங்க்ஸ்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. நல்ல நாள் அது. மற்றவர்களிடம் நிதானமாகப் பேச முடிந்தது. ஒரு கிழவியிடம் அவள் பேத்தியின் கல்யாணத்தைப் பற்றிக்கூட விசாரித்தேன்.

அடுத்த திங்களன்று ஸ்டாமென் கையில் கட்டோடு வந்தார். மேசைமேல் இருந்த தாளை நின்றபடியே படித்தார்.

"மேட்டுத் தெருப் பெரியவர் பேரு இல்லையே அக்கா?"

அவர் முந்தின வாரத் தாள்களைப் புரட்டிவிட்டு வெளியே போனார். மேட்டுத் தெருவுக்கு நடந்தே ஏறினார். வீட்டுக்குள் மேசையும் எரிந்திருந்தது, கதவுச் சட்டத்தில் பாதியும் எரிந்திருந்தது. பெரியவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கதவு திறக்கத் தயாராக, வாசலுக்கு உள்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தபடி இருந்தாராம். இதை ஸ்டாமென் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

கெர்ஜிகோவா அம்மாள் கேட்டபோது, "லூப் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறது" என்றேன். அது உண்மை. உங்கள் நிபுணரும் பார்த்துவிட்டு, புதிதாகப் படிக்கிற எல்லோரும் செய்கிற தப்பு என்று எழுதிக் கொடுத்தார். ரலிட்சாவையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டீர்கள். திரையைப் பார்த்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இதை நாம மாத்தினோமே அக்கா?"

"அது வகுப்புல இருந்த காப்பி. இங்கே மாத்த மறந்துட்டேன்மா."

அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "நான் வந்து பாத்திருக்கணும். ஆபீஸ்ல ஓடுதுன்னு தெரிஞ்சும் வந்து பாக்கல. என் தப்புதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அன்று சாயங்காலம் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ஒரு தட்டு பனிட்சாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் அவரைக் கொன்னுட்டீங்கன்னு ஒருநாளும் நினைக்காதீங்க அக்கா" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பனிட்சா நன்றாக இருந்தது. நெய் கொஞ்சம் கூட.

பிறகு வாசகசாலை வகுப்பை மூடிவிட்டது. அவள்மேல் கவனக்குறைவு வழக்கு வரும் என்கிறார்கள். கினாவும் மற்றவர்களும் இரண்டாம் கட்டத்தின் பாதிப் பாடத்தில் வீட்டுக்குப் போனார்கள். வட்டாரச் செய்தித்தாளில் ஒரு கட்டுரை வந்தது: வேலை போன கிழவிகள் கையில் கணினியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், அரைகுறைப் படிப்பு ஆளைக் கொல்லும் என்று. அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். பத்து தடவை படித்தேன். அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வராமல் போனது.

அதனால்தான் இன்று நானாக வந்தேன். அந்தப் பெண் எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டாள். அவள் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று ஊர் பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்தப் பையில் அக்டோபரிலிருந்து உள்ள தாள்கள் இருக்கின்றன. இதுவரை யாரும் கேட்கவில்லை, அலமாரியிலேயே கிடந்தன. எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையெழுத்தில் அவர் பெயர். முதல் நாள் தாளிலும் நவம்பர் வெள்ளிக்கிழமை ஒன்றிலும் மட்டும் இல்லை. பிறகு ஜனவரியில் அந்த ஐந்து நாளும், அடுத்த திங்களும் இல்லை. லூப் எங்கே தொடங்குகிறது, யாரை விடுகிறது என்று முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். வியாழக்கிழமை அவர் கேட்டபோதும் தெரியும். தெரிந்துதான் விட்டேன். அவர் அங்கே குளிரில் செத்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்துதான், பட்டியலில் பெயர் இருக்கிறது என்று சொன்னேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி வேண்டும், ஐயா. இந்த வாக்குமூலத்தில் ஒரு பிரதியை ரலிட்சாவிடம் கொடுங்கள். தன் மாணவி பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டவள்தான் என்று தெரிந்தால், பாவம், அவள் மனம் ஆறும்.